பீச்சாங்கைப் பக்கம்

மன்னவனூர்
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முருகேஸ்வரி எழுதுவது. இங்கே அம்மா கால்வலியோடு இருக்கிறாள். அதை நாள் முழுக்கக் கேட்கும் வலியோடு நான் இருக்கிறேன். மற்றபடி சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நாயுடுபுரத்தில் மழை பிடித்துவிட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் சொல்வது பிடிக்காவிட்டால், "சிக்னல் இல்லடி" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் கெடக்கும். கேரட் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வரும் வேல்ராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

உங்கள் அறக்கட்டளை எங்கள் மாலை வகுப்புக்கு அனுப்பிய பொம்மை ரோபோக்கள் பத்திரமாக வந்தன. பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகள் வண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகில் நாலு அம்புக்குறிப் பொத்தான்கள். முன்னே, பின்னே, இடது, வலது. நாம் அழுத்தும் வரிசையை ஞாபகம் வைத்துக்கொண்டு, பச்சைப் பொத்தானைத் தட்டியதும் அதே வரிசையில் போகிறது. கோடிங் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இது தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஏரியிலிருந்து ஆட்டுப் பண்ணைக்கு வண்டை வழி தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற சோலி.

ஆனால் முதலில் ஒரு வண்டும் ஊர் போய்ச் சேரவில்லை. அதற்குள்ளே ஒரு அம்மா உட்கார்ந்துகொண்டு, "இடதுபுறம் திரும்புகிறேன்" என்கிறாள். நம் ஊரில் யார் இடது, வலது என்று வழி சொல்கிறார்கள்? மேட்டுக்கு ஏறு, பள்ளத்துக்கு எறங்கு, மேக்க திரும்பு, இப்படித்தானே சொல்வோம். பிள்ளைகள் மேற்கே போகவேண்டிய வண்டைச் சுவரில் முட்டவிட்டு, "ஏலே, மேக்கடா, மேக்க" என்று வண்டையே திட்டினார்கள்.

பெருமாயி மகள் இந்து நாலாவது படிக்கிறாள். அவள்தான் சொன்னாள். "டீச்சர், அதுக்கு மேக்க கெழக்க தெரியாது. அதோட கை மட்டுந்தான் அதுக்குத் தெரியும். சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் வெளங்கும்." சொன்னேன். விளங்கிவிட்டது. சுவரில் முட்டுவது அன்றோடு நின்றது.

சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கம்பெனி அம்மாவின் குரலை அழித்துவிட்டு நம் குரலைப் பதியலாம் இல்லையா? ஒரு வண்டில் இந்துவே பேசிப் பதிந்தாள். சோத்தாங்கைப் பக்கம் போறேன். பீச்சாங்கைப் பக்கம் திரும்புறேன், வெலகு. அந்த 'வெலகு' அவளாகச் சேர்த்தது.

அவள் இடதுகைக்காரி, அக்கா. பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கைக்காரி என்று கூப்பிட்டே அழ வைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெருமாயி அந்தக் கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிடுகிறாள். கையை எப்போதும் பாவாடைக்குள் ஒளித்துவைத்திருந்த பிள்ளை, இப்போது வண்டு அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்ல, அதே கையால் பொத்தானை அழுத்துகிறாள். இந்தக் கைக்கட்டைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? பெருமாயியிடம் என்ன சொல்லட்டும்? எழுது.

பொறுமையில்லாமல் காத்திருக்கும் தங்கை,
முருகேஸ்வரி


நாயுடுபுரம்
4.7.2025

அன்புத் தங்கை முருகேஸ்வரிக்கு,

உன் கடிதம் கேரட் மண்ணோடு வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் நலம். மாமாவுக்குச் சளி, வழக்கமானதுதான். அம்மாவை ஈரத்தில் நடக்கவிடாதே.

வகுப்பு நன்றாக நடக்கிறது என்று எங்கள் அறக்கட்டளைத் தலைவர் மகாதேவி மேடத்திடம் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் எல்லா மையங்களுக்கும் கண்காட்சி வைக்கிறோம். சென்னையிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். நீயும் உன் பிள்ளைகளை அழைத்து வா. தலை வாரி, சீருடை போட்டு, கேட்டால் நல்ல தமிழில் பதில் சொல்லப் பழக்கி வை.

இன்னொன்று. அந்தப் பிள்ளையை மேஜை முன்னால் நிறுத்தினால் வலது கையால் பொத்தானை அழுத்தச் சொல். நாலு பேர் பார்க்கிற இடம்.

மழை நிற்கவில்லை. துணி காய மாட்டேன் என்கிறது.

நலத்துடன் இரு.
அக்கா ரோகிணி


மன்னவனூர்
13.7.2025

அக்கா,

எல்லோரும் சுகம். நீ அங்கே சுகம்தானே?

வண்டுக்கு எந்தக் கையால் அழுத்தினாலும் ஒன்றுதான். அதற்கு இருக்கிற அறிவு நமக்கும் இருந்தால் தேவலை. இந்து அவளுக்கு வந்த கையாலேயே அழுத்துவாள். நான் கேட்டது கைக்கட்டைப் பற்றி. நீ துணி காயாததைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

கண்காட்சிக்கு வருகிறோம். அம்மா உனக்குப் பூண்டு கட்டி வைத்திருக்கிறாள்.

முருகேஸ்வரி


மன்னவனூர்
17.8.2025

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

நடந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் இருந்தோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மற்ற மையத்துப் பிள்ளைகள் வண்டை நேராக ஓட்டிக்காட்டினார்கள். எங்கள் இந்து மூன்று வளைவு போட்டு, பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் வழியாக மன்னவனூருக்குக் கொண்டுவந்தாள். எங்கேயும் தப்பவில்லை. அந்தச் சென்னைக்காரர் ஆசையாக, "நான் ஒரு தடவை அழுத்தட்டுமா பாப்பா?" என்று கேட்டார். அவர் இடது பொத்தானை அழுத்திப் பச்சையைத் தட்டினார். "பீச்சாங்கைப் பக்கம் திரும்புறேன், வெலகு" என்று வண்டு அவரிடமே சொல்லிவிட்டது. பக்கத்திலேயே மைக் வேறு இருந்தது. கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார் அக்கா, அதைக் கவனித்தாயா? சிரிக்காதது உங்கள் மேடம் மட்டும்தான். "என்ன அசிங்கம் இது? யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

இந்து கையைத் தூக்கினாள். யார் என்று கேட்டால் பிள்ளைகள் கையைத் தூக்கத்தானே செய்யும். தூக்கியது அந்தக் கை. மறுபடியும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அப்போதுதான் நீ வந்தாய். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், வண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அந்த வண்டு எங்கே? இந்து தினமும் கேட்கிறாள். "டீச்சர், என் கொரல அழிச்சிருவாங்களா?" அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

முருகேஸ்வரி


நாயுடுபுரம்
30.8.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கோபமும் நலமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஆபீஸ் முடிவை உனக்குத் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உங்கள் மையம் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதித் தரவேண்டும். எல்லா வண்டுகளிலும் பிள்ளைகள் பதிந்த குரலை அழித்துவிட்டு, இடது, வலது என்று திருத்தமாகப் பதியவேண்டும். இல்லையென்றால் வண்டுகளைத் திரும்ப எடுத்து வேறு மையத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எடுத்து வரப்போகிறவளும் நான்தான்.

கொஞ்சம் யோசி. ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் விளையாட்டை இழக்கவேண்டுமா? அந்தச் சொல்லை யாரும் நாலு பேர் நடுவில் சொல்வதில்லை. உனக்கே தெரியும்.

அந்த வண்டு என் மேஜைமேல் பத்திரமாக இருக்கிறது. இங்கே பனி கொட்டுகிறது. எதிர்வீடு தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
ரோகிணி


மன்னவனூர்
7.9.2025

அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. எனக்கு எதுவும் குறையவில்லை.

மன்னிப்பு எழுத மாட்டேன்.

இதைத் தனி வரியாகவே எழுதியிருக்கிறேன், மேடத்துக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

நாலு பேர் நடுவில் சொல்லாத சொல்லா? அந்த நாலு பேரும் காலையில் எந்தக் கையால் கழுவிவிட்டு வந்தார்களாம்? ஒரு நாள் அந்தக் கை வேலைக்கு வரவில்லையென்றால், பன்னீர் தெளித்துக்கொண்டு வந்தாலும் அவர்கள் பக்கத்தில் உட்கார முடியுமா? கை வேண்டும், பேர் மட்டும் வேண்டாம். நல்ல நியாயம்.

இந்துவிடம் இடது என்று சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பரீட்சைக்கு அதுதான் வேண்டும், அதையும் படித்துவிட்டாள். ஆனால் அவள் குரலை அழித்துவிட்டுத்தான் அதைப் பதியவேண்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயுசு முழுக்க அவளைக் கேலி செய்த சொல் அது. அந்தச் சொல்லை அவளே எடுத்து, "வெலகு" என்று ஊருக்கே உத்தரவு போடுகிறாள். அதை அழி என்று சொல்கிறவள் பொண்ணாகப் பிறந்திருக்கவே கூடாது.

வண்டு பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். குரல் பத்திரமாக இருக்கிறதா? வேறு எதுவும் எழுதவேண்டாம். அழித்துவிட்டாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

முருகேஸ்வரி


நாயுடுபுரம்
26.9.2025

தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை அதிகம். அம்மா அனுப்பிய பூண்டு நல்ல காரம்.

மாமாவுக்கு உடம்பு தேவலை. பூஜை விடுமுறையில் டூரிஸ்ட் கூட்டம் வரும் என்று இப்போதே பஸ்ஸில் இடமில்லை.

நவம்பர் முதல் வாரம் கமிட்டி கூடுகிறது. அதற்குள் நீ எழுதிக் கொடுத்துவிடு. வண்டுகளை எடுக்க என்னை ஜீப்பில் மேலே வரவைக்காதே.

ரோகிணி


மன்னவனூர்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பூண்டு காரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும், உன்னைக் கோழை என்று திட்டி ஒரு கடிதம் எழுதிவைத்தேன். வேல்ராஜ் அண்ணன் அன்றைக்கு வராதது நல்லதாகப் போயிற்று. கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம் கீழே.

போன வாரம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பெருமாயி கூலிக்கு வந்திருந்தாள். அப்போது இந்துவின் பேச்சு வந்தது. துணி கட்டியும் நிற்கவில்லை என்று பெருமாயி புலம்பினாள். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மூத்தவளுக்கும் அந்தக் கைதான். வேப்பெண்ணெய் தடவுனேன், நிக்கல. முதுகோட சேத்துக் கட்டிப் போட்டேன், நின்னுருச்சு."

"அழுதாளாம்மா?" என்று கேட்டேன்.

"அழுதா விட்ருவாகளா? இப்ப ஆபீசுல உக்காந்து எழுதலையா?"

இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பிறந்தபோதே உனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கண்காட்சியில் நீ ஏன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறது. புரிந்தாலும் சரி என்று சொல்ல மாட்டேன், அக்கா. உனக்குக் கட்டியது அம்மா. இந்துவுக்கு மறுபடியும் கட்டப்போவது நீ.

இன்னொரு சமாச்சாரம். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டு உங்கள் ஆபீஸ் முடிவைச் சொன்னேன். எழுதிக் கொடுத்துத் தொலைங்க டீச்சர் என்பார்கள் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். முதலில் எழுந்தது பெருமாயி.

"எம்புள்ள கைய நான் அடிப்பேன், கட்டுவேன், அவுத்தும் விடுவேன். அந்தம்மாவுக்கு என்ன வந்துச்சு? வண்டு வேணும்னா இங்க வந்து எம்புள்ளகிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் அதையே முடிவாக வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் இந்து துணி கட்டாத கையாலேயே சாப்பிட்டாளாம். பெருமாயி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாளாம். இது இந்துவே வந்து சொன்னது.

ஜீப்பில் வருவதென்றால் வா. வண்டுகள் பிள்ளைகள் கையில் இருக்கும். ஒவ்வொரு கையிலிருந்தும் நீயே பிடுங்கவேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

தங்கை,
முருகேஸ்வரி


நாயுடுபுரம்
8.11.2025

அன்புள்ள முருகேசுக்கு,

என் கையெழுத்து இல்லையே, வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்காதே. என்னுடையதுதான். பீச்சாங்கையால் எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் வேர்க்கிறது. ல-வும் வ-வும் ஒன்று போலவே விழுகின்றன. கூட்டிப் படித்துக்கொள். அதிகம் எழுத முடியாது.

நீ கேட்டதற்குப் பதில். அழித்துவிட்டேன். கண்காட்சி முடிந்த அன்றைக்கே அழித்துவிட்டேன். மேடம் அழிக்கச் சொல்வதற்கு முன்னாலேயே. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எழுதப் பிடிக்காமல்தான் பனி, பூண்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தபிறகு ஆபீஸில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது, வண்டை எடுத்து வாய்ப் பக்கம் வைத்து இரண்டு பக்கத்துக்கும் நானே பேசிப் பதிந்தேன். வியாழக்கிழமை கமிட்டியில் உங்கள் மையத்துப் பேச்சு வந்ததும், வண்டை மேஜைமேல் வைத்து இடது பொத்தானை அழுத்திப் பச்சையைத் தட்டினேன். பீச்சாங்கைப் பக்கம் என்று என் குரல் கேட்டது.

மேடம் வண்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ரோகிணி, இது நீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். நானும் பீச்சாங்கைக்காரிதான். அழிக்கச் சொல்றதா இருந்தா என் கொரல அழிங்க. அந்தப் பிள்ளைங்ககிட்ட மன்னிப்பு எழுதி வாங்க நான் போகமாட்டேன். ஜீப்பும் எனக்கு வேண்டாம்" என்றேன். என் வாயிலிருந்து நம் ஊர்ப் பேச்சு வந்தது அவர்களுக்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம்.

அவர் முன்னால் இருந்த காகிதத்தைத் திருப்பினார். பிறகு, வேறு யாரையாவது அனுப்புவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. மாமா, "பாத்துக்கலாம் விடு" என்கிறார். யாரை அனுப்பினாலும் கொடுக்காதே. வண்டுகள் பிள்ளைகளுடையவை.

இந்துவின் வண்டை வேல்ராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் குரலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. என் குரல் அதற்கு ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் வண்டை ஊமையாக அனுப்ப மனசு வரவில்லை. அவளிடம் இதைச் சொல்.

அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. நான் வரும்போது நானே கேட்டுக்கொள்கிறேன்.

கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

அக்கா,
ரோகிணி


மன்னவனூர்
16.11.2025

மதிப்பிற்குரிய பெரிய டீச்சருக்கு,

வணக்கம். நான் நலம். எங்க அம்மாவும் நலம். நீங்களும் மாமாவும் நலமா? நீங்க எங்க டீச்சருக்கு அக்கா. அதனால பெரிய டீச்சர்னு எழுதச் சொன்னாங்க.

வண்டு வந்துருச்சு. வேல்ராஜ் மாமா கேரட் சாக்குல வெச்சுக் கொண்டுவந்தாங்க. சக்கரத்துல மண்ணு இருந்துச்சு, தொடச்சிட்டேன். நல்லா ஓடுது.

நீங்க பேசுனத எல்லாரும் கேட்டோம். நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி "பீச்சாங்கைப் பக்கம் திரும்புகிறேன்" அப்படின்னு மெதுவா சொல்லியிருக்கீங்க. நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டு திரும்பி அடுத்த கட்டத்துக்குப் போயிருது. வெரசா சொல்லணும். வெலகுன்னும் நீங்க சொல்லல. வெலகுன்னு சொல்லாட்டி எல்லாரும் கட்டத்துலயே காலை வெச்சிட்டு நிக்கிறாங்க.

நீங்க அழிச்சத டீச்சர் சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறம் நீங்க பீச்சாங்கையால எழுதுன லெட்டரக் காட்டுனாங்க. உங்க எழுத்து என் எழுத்த விட மோசமா இருக்கு. தினமும் ஒரு பக்கம் எழுதுனா சரியாயிரும்.

பெரிய டீச்சர், நான் உங்க குரல அழிச்சிட்டேன். பீச்சாங்கைப் பக்கம் மறுபடியும் நானே பதிஞ்சிட்டேன். முன்னாடி பதிஞ்சத விடச் சத்தமாப் பதிஞ்சிருக்கேன். அம்மா பூண்டுக் காட்டுல இருந்து கேட்டுச்சுன்னு சொன்னாங்க.

சோத்தாங்கைப் பக்கம் உங்க குரல அப்படியே விட்டுட்டேன். அது உங்களுக்கு இருக்கட்டும். இது என்னோடது.

இப்படிக்கு,
பெ. இந்து
நாலாம் வகுப்பு